பன்னிரண்டாவது பலகை

"பாதையை மூட வேண்டும், குருவே. இன்றைக்கே மூட வேண்டும்."

இசோபே வாசலில் நின்றபடி சொன்னார். கையில் ஒரு பைன் மரக்கிளை இருந்தது. ஓர் ஆள் கை நீளம் இருக்கும். முறிந்த இடத்தில் பிசின் இன்னும் காயவில்லை.

குரு மியோசென் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"உள்ளே வாருங்கள். அதையும் கொண்டு வாருங்கள்."

குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்து நான்கு. தன்னைவிட இவ்வளவு இளைய பிக்குணியை 'குருவே' என்று கூப்பிட இசோபேவுக்கு முதலில் நாக்கு கூசியது. இப்போது பழகிவிட்டது. முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மனைவி இறந்தபின் வீட்டைப் பூட்டிவிட்டு இந்த மடத்துக்கு வந்தவர். தோப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

தோப்பு என்றால் சாதாரணத் தோப்பு இல்லை. ஜப்பானின் மேற்குக் கடற்கரையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலமுனை அது. வெள்ளை மணல், மூவாயிரம் கரும்பைன் மரங்கள், கோடியில் கடலுக்குள் வாசல் வைத்ததுபோல் நிற்கும் ஒரு பாறை. அரசாங்கம் அதை இயற்கைப் பூங்கா என்று அறிவித்துப் பல வருடங்கள் ஆகின்றன. தோப்புக்கு நடுவே கடற்கரைக்குப் போகும் பாதை மட்டும் மடத்துக்குச் சொந்தமான நிலம். பாதையோரம் ஒரு கிழட்டு மரம் உண்டு. கடற்காற்று அடித்து அடித்துத் தரைவரை குனிந்த மரம். ஊர்க்காரர்கள் அதை வணங்கி என்பார்கள்.

பேருந்து பேருந்தாக ஜனங்கள் வருவார்கள். வந்தவர்கள் கடலைப் பார்த்துவிட்டுப் போனால் என்ன? மாட்டார்கள். வணங்கியின்மேல் ஏறிப் படம் எடுத்தால்தான் வந்ததற்கு அர்த்தம். பொந்தில் சிகரெட் துண்டைச் செருகுவார்கள். பட்டையைக் கீறிக் காதலியின் பெயரை எழுதுவார்கள். சொல்லும்போதே வயிறு எரிகிறது. முந்நூறு வருடம் புயலுக்குத் தாக்குப்பிடித்த கிளை அன்றைக்கு ஒரு போட்டோவுக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

"யார் முறித்தது?" என்று குரு கேட்டார்.

"சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர்."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"பக்கத்தில்தான் நின்றேன்."

"என்ன சொன்னீர்கள்?"

"மன்னிக்க வேண்டும் என்று சொல்லித் தலைகுனிந்தேன்."

"அவர் என்ன செய்தார்?"

"அவரும் தலைகுனிந்தார். கிளைமேல் நின்றபடியே."

"பிறகு?"

"பிறகு கிளை முறிந்தது."

குரு சிரிக்கவில்லை. முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"கோபம் வரவில்லையா?"

"கோபமா! ராத்திரி தூக்கம் இல்லை, குருவே. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது. ஆனால் வந்தவர் விருந்தாளி. முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பயணியிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை. அதற்காகத்தானே பலகை வைத்திருக்கிறேன்."

அது உண்மை. தோப்பில் இசோபே வைத்த பலகைகள் பதினொன்று. எல்லாம் அவரே தூரிகையால் எழுதியவை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் பலகையில், 'மரத்தின்மேல் ஏறாமல் இருந்தால் மகிழ்வோம்' என்று எழுதினார். ஐந்தாவதில், 'ஏறுவதைத் தவிர்க்கவும்'. ஒன்பதாவதில், 'ஏறக் கூடாது'. பதினொன்றாவதில் அதையே சிவப்பு மையில். கோபம் ஏற ஏறப் பலகையும் ஏறியது. ஆள் முன்னால் மட்டும் இடுப்பு வளைந்துகொண்டே இருந்தது.

அவர் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். பூங்கா அலுவலகத்துக்கு எழுதியது. மடத்துப் பாதையை நிரந்தரமாக மூடுவதாக அதில் இருந்தது. கீழே மடத்தின் முத்திரை விழ வேண்டும். விழுந்துவிட்டால் அலுவலகமே இரும்பு வேலி போட்டுவிடும்.

"யாருக்கு மூடுகிறீர்கள்?"

"எல்லோருக்கும்."

"தொமியேவுக்கும்?"

தொமியே கடற்பாசி எடுக்கும் பெண். ஐம்பது வயதைத் தாண்டியவள். பனிக்காலம் முடியும் சமயத்தில் பாறைகளில் பாசி முற்றும். விடிந்ததும் அந்தப் பாதையில் இறங்கிப் போய், பாசியை அறுத்து, முதுகுக் கூடையில் சுமந்துகொண்டு அதே பாதையில் திரும்புவாள். திரும்பும்போது மூங்கில் வாரியால் தோப்பில் உதிர்ந்த ஊசியிலைகளை வாரி ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு போவாள். பாசி வேகவைக்கும் அடுப்புக்கு அதுதான் விறகு. பாதை இல்லாவிட்டால் நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஈரப் பாசி கல்லாய்க் கனக்கும். அவளுக்கு இடது முழங்கால் சரியில்லை.

இசோபே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் விட வேண்டும், குருவே. விதி என்றால் விதிதான். ரயிலிலும் அப்படித்தான்."

குரு கடிதத்தை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

"ஒரு மாதம் கயிறு கட்டிப் பாருங்கள். மரங்களில் கட்டிய வைக்கோல் பாய்களை எரிக்கிற நாளில் முத்திரை வைக்கிறேன்."

இசோபேவுக்கு அது போதவில்லை. ஆனாலும் தலைகுனிந்து வெளியே வந்தார். அன்று மதியமே பாதையின் வாயில் கயிற்றைக் கட்டினார். பன்னிரண்டாவது பலகையை எழுதி நட்டார்.

'யாரும் உள்ளே வரக் கூடாது.'

முதல் நான்கு நாள் தோப்பு அமைதியாக இருந்தது. இசோபே இரண்டு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் மணலில் செருப்புத் தடம் பார்த்தார். ஏழாம் நாள் வணங்கியின் பொந்தில் புதிய சிகரெட் துண்டு. பத்தாம் நாள் அவர் கண் முன்னாலேயே ஐந்து பேர் கயிற்றைத் தாண்டினார்கள். ஒருவர் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார், மற்றவர்கள் குனிந்து நுழைந்தார்கள். கடைசியாக நுழைந்தவர் இசோபேவைப் பார்த்ததும் மரியாதையாகத் தலைகுனிந்தார். இசோபேவும் குனிந்தார். மடத்துக்குத் திரும்பி வந்து கிணற்றடியில் வாளியை உதைத்தார்.

தொமியே மட்டும் வரவில்லை. கயிறு கட்டிய மறுநாள் விடிகாலையில் கூடையோடு வந்தாள். பலகையை ஒரு தடவை படித்தாள். கயிற்றின் முன்னால் நின்று தோப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். திரும்பி நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தாள். அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இசோபே சங்கடப்பட்டிருப்பார் என்று நினைத்திருப்பாள். அவரிடமும் யாரும் கேட்கவில்லை, அவளிடமும் யாரும் கேட்கவில்லை. இந்த ஊரின் மரியாதை அப்படி.

மூன்றாம் வாரம் தோப்பில் ஊசியிலை கணுக்கால் உயரத்துக்குக் குவிந்துவிட்டது. இசோபே வாரினார். முதுகு பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் இது எங்கே போயிற்று என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு சுற்றுலாக்காரர்களைத் திட்டிக்கொண்டே மீதியையும் வாரினார்.

ஒருநாள் மடத்துக்குத் தோஃபு கொண்டுவரும் பெண் குருவிடம் சொன்னாள்:

"தொமியே இந்த வருடத்தோடு விட்டுவிடப் போகிறாளாம். பாசி எடுக்கத் தனக்கு ஒதுக்கிய பாறையைக் கூட்டுறவுச் சங்கத்துக்கே திருப்பிக் கொடுக்கிறாளாம். நேற்று லாரிக்காரன் சேற்றை அடித்துவிட்டுப் போனான். கூடையோடு சாலையோரம் விழுந்து கிடந்தாள், பாவம். நாளைக்குச் சாயங்காலம் சங்கத்தில் கையெழுத்துப் போடப் போகிறாளாம்."

இசோபே அடுத்த அறையில் பலகைக்கு மை அரைத்துக்கொண்டிருந்தார். அரைக்கிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது.

மறுநாள்தான் பாய் எரிக்கும் நாள்.

அந்தக் கடற்கரைத் தோப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. குளிர் தொடங்கும்போது மரங்களின் இடுப்பு உயரத்தில் வைக்கோல் பாயைச் சுற்றிக் கட்டுவார்கள். பைன் இலையைத் தின்னும் கம்பளிப்புழு குளிருக்கு மண்ணைத் தேடி மரத்திலிருந்து இறங்கி வரும். வழியில் கதகதப்பான வைக்கோலைப் பார்த்ததும் அங்கேயே தூங்கிவிடும். வசந்தம் வருவதற்கு முன்னால் பாயை அவிழ்த்துப் புழுவோடு சேர்த்து எரித்துவிடுவார்கள். தாத்தன் காலத்திலிருந்து நடக்கிறது. இசோபே அந்த வருடம் நூற்றிருபது மரங்களுக்குத் தன் கையாலேயே கட்டியிருந்தார்.

காலையிலேயே எல்லாவற்றையும் அவிழ்த்து மணலில் குவித்துவிட்டார். முந்தின நாள் மழை. வைக்கோல் நமுத்திருந்தது.

"பற்றவைக்கத் தாள் ஏதாவது வேண்டும், குருவே."

குரு கடிதத்தையும் முத்திரைப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். அக்குளில் ஒரு பழைய வெள்ளை விரிப்பு. அதை மணலில் விரித்தார்.

"முதலில் ஒரு பாயை இதில் பிரியுங்கள்."

"எதற்கு?"

"முப்பத்து நான்கு வருடம் டிக்கெட் பார்த்தவர் நீங்கள். இவர்களுடைய டிக்கெட்டையும் பார்த்துவிட்டு எரிப்போம்."

இசோபே முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பாயைப் பிரித்து உதறினார்.

வெள்ளைத் துணியில் முதலில் ஒரு சிலந்தி விழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு கொத்தாக விழுந்தன. தூக்கம் கலைந்து மெல்லக் கால்களை நீட்டின. இசோபே குனிந்து எண்ணினார். பழைய வேலையின் பழக்கம், எண்ணாமல் அவரால் இருக்க முடியாது. நாற்பத்து மூன்று சிலந்திகள். புழுவைக் குத்தி உறிஞ்சும் பூச்சிகள் ஏழு. கம்பளிப்புழு இரண்டு.

"இன்னொன்று பாருங்கள்."

இரண்டாவது பாயில் சிலந்தி முப்பத்தெட்டு. கம்பளிப்புழு ஒன்று. மூன்றாவதில் கம்பளிப்புழுவே இல்லை.

"புழுக்கள் எங்கே?" இசோபேவின் குரல் தேய்ந்திருந்தது.

குரு பக்கத்து மரத்துக்குப் போனார். பாய் கட்டியிருந்த இடத்துக்கு மேலே, பட்டை வெடித்த ஒரு பிளவில் குச்சியை விட்டு நெம்பினார். விரல் பருமனில் ஒரு கம்பளிப்புழு வந்து விழுந்தது. இன்னும் நெம்பினார். இன்னொன்று.

"இவை பாய்க்கு வரவில்லை" என்றார்.

இசோபே விரிப்பைப் பார்த்தார். குவியலைப் பார்த்தார். நூற்றிருபது பாய். போன வருடமும் நூற்றிருபது. அதற்கு முந்தின வருடமும்.

"இவை எல்லாம் புழுவைத் தின்கிற சிலந்திகள், குருவே."

"ஆமாம்."

"மரத்துக்குக் காவல் இருப்பவை."

"ஆமாம். தீப்பெட்டி கொண்டுவந்தீர்களா?"

"என்ன?"

"பற்றவையுங்கள். நேரமாகிறது."

"எப்படிப் பற்றவைப்பது? இவை என்ன தப்பு செய்தன?"

"பாய்க்குள் இருந்தன."

"நான் கட்டின பாய்! நம்பி வந்து படுத்தவை!"

"ஒன்றுக்கு விட்டால் எல்லாவற்றுக்கும் விட வேண்டும். விதி என்றால் விதிதான்."

குரு அவர் கையிலிருந்த தீப்பெட்டியை வாங்கிக் கொண்டார்.

இசோபே அந்தக் கையைத் தட்டிவிட்டார். குருவின் கையை! தீப்பெட்டி மணலில் போய் விழுந்தது.

"முடியாது!" என்று கத்தினார். "இது அநியாயம்! பட்டைக்குள் புகுந்து தின்கிறவனை விட்டுவிட்டுக் காவல்காரனைக் கொளுத்துவதா? பார்க்காமல், கேட்காமல், பெயர்கூடத் தெரியாமல் இரண்டு வருடமாகக் கொளுத்தியிருக்கிறேன்! முடியவே முடியாது!"

அறுபத்து நான்கு வருடத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. தொண்டை கமறி இருமல் வந்தது.

குரு இருமல் அடங்கும்வரை காத்திருந்தார்.

"இவ்வளவு கோபமும் எங்கே இருந்தது, இசோபே?"

குரு தோப்புப் பக்கம் கையைக் காட்டினார். கயிற்றைத் தாண்டி வந்த ஒரு மனிதர் வணங்கியின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். நல்ல தோல் காலணி போட்டிருந்தார். மண் ஈரமாக இருந்ததால் பன்னிரண்டாவது பலகையைப் பிடுங்கி வந்து, மரத்தடியில் படியாகப் போட்டு, அதன்மேல் கால் வைத்து ஏறியிருந்தார்.

இசோபே நடந்தார். மணலில் கால் புதையப் புதைய வேகமாக நடந்தார். மரத்தடிக்குப் போனதும் பழக்கதோஷத்தில் இடுப்பு வளையத் தொடங்கியது. பாதியில் நிறுத்தி நிமிர்ந்தார்.

"இறங்குங்கள்!"

அந்த மனிதர் திடுக்கிட்டுக் கிளையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மரத்துக்கு முந்நூறு வயது. போன மாதம்தான் ஒரு கிளை போயிற்று. இதோ பாருங்கள், இந்த வெள்ளைத் தழும்பு. உங்கள் கால் அதன்மேல்தான் இருக்கிறது. இறங்குங்கள்."

அவர் இறங்கினார். முகம் சிவந்துவிட்டது. "யாராவது முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார்.

இசோபே அவருடைய காலணிக்குக் கீழே பார்த்தார். தன் முத்தான எழுத்துகளைப் பார்த்தார். நியாயமாக அந்த இடத்தில் அவருக்கு இன்னும் கோபம் வந்திருக்க வேண்டும்.

"இப்போது நான் சொல்கிறேன்" என்றார்.

அந்த மனிதர் பலகையைவிட்டு விலகி நின்றார். கைக்குட்டையை எடுத்துச் சேற்றைத் துடைத்துப் பலகையை இரண்டு கையாலும் இசோபேவிடம் கொடுத்தார். தழும்பு இருந்த கிளையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். கயிற்றைத் தாண்டி வெளியே போனார்.

இசோபே திரும்பி வந்தார். குரு விரிப்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சிலந்திகளை மரத்தடியில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"தட்டிவிட்டேன், குருவே. உங்கள் கையை."

"வலிக்கத்தான் செய்தது. அடுத்த பாயை எடுங்கள்."

இருவரும் பாய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உதறினார்கள். நூற்றிருபதாவது பாய் முடியும்போது மதியம் தாண்டிவிட்டது. குவியலில் மிஞ்சியது வெறும் வைக்கோல்.

குரு முத்திரைப் பெட்டியைத் திறந்தார். கடிதத்தை மணலில் விரித்து, நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்தார்.

"நான் சொன்ன நாள் இதுதான். முத்திரை வைக்கட்டுமா?"

இசோபே கடிதத்தைப் படித்தார். 'எவருக்கும்' என்ற சொல்லில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. கூழாங்கற்களை எடுத்து ஓரமாக வைத்தார். கடிதத்தை முறுக்கி நமுத்த வைக்கோலுக்கு அடியில் செருகித் தீக்குச்சியைக் கிழித்தார். மூன்றாவது குச்சியில் பற்றியது. புகை கடல் பக்கம் போயிற்று.

பிறகு போய்க் கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பாதையின் வாயிலேயே நின்றார். அங்கிருந்து நெடுஞ்சாலை தெரியும். தூரத்தில் கூடையோடு ஓர் உருவம் சாலையோரமாக, இடது காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. சங்கத்துக்குத் திரும்பும் முனைக்கு இன்னும் ஒரு பர்லாங் தூரம்தான் இருந்தது.

குரு அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தொமியேவிடம் எப்படிச் சொல்வது, குருவே? முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?"

குரு அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள். பலகையில் மட்டும் எழுதாதீர்கள்."